குடுவைச் செடியை வீட்டில் வளர்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீடு சென்னையில், இரண்டாம் மாடியில் இருக்கிறது. கிழக்குப் பார்த்த பால்கனியில் ஆறு ஆண்டுகளாகக் குடுவைச் செடிகள் தொங்குகின்றன. வீட்டுக்கு வருகிறவர்கள் காபி டம்ளரைக் கையில் வாங்கியதும் நேராக அங்கே போய் நிற்கிறார்கள். ஏறக்குறைய எல்லோரும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். செடியை வாங்கிப் போய் ஒரே மாதத்தில் வாடிவிட்டது என்று தொலைபேசியில் வருத்தப்படுகிறவர்களும் உண்டு. அவர்களுக்கெல்லாம் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன்.

இது என்ன செடி? தொங்குவது பூவா, காயா?

இரண்டும் இல்லை, இலை. நெப்பந்தஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்த கொடி இது. பூச்சி உண்ணும் தாவரம் என்று பள்ளிப் பாடநூலில் படம் போட்டிருப்பார்களே, அதுதான். இலையின் நடு நரம்பு நுனியைத் தாண்டிப் பற்றுக்கம்பியாக நீள்கிறது. அந்தக் கம்பியின் முனை மெல்ல வீங்கிக் குடுவையாகிறது. முதலில் அது துரு நிறப் பூனைமுடி படர்ந்த ஒரு தட்டையான பை. பிறகு காற்று ஊதியது போல உப்பும். கடைசியில் ஒருநாள் காலையில் பார்த்தால் மூடி விளிம்பிலிருந்து பிரிந்து நிற்கும். அப்போதே உள்ளே எட்டிப் பாருங்கள். வெளியிலிருந்து ஒரு சொட்டு நீர்கூடப் போகாத அந்தக் குடுவைக்குள் தெளிந்த திரவம் இருக்கும். அது செடியே சுரந்து வைத்தது.

போர்னியோ, சுமத்திரா, பிலிப்பைன்ஸ் தீவுகளில்தான் இதன் இனங்கள் மிகுதி. மேற்கே மடகாஸ்கர் முதல் கிழக்கே நியூ கலிடோனியா வரை பரவியிருக்கிறது. இதுவரை 170-க்கு மேற்பட்ட இனங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். இலங்கையின் ஈரக் காடுகளில் அந்தத் தீவுக்கே உரிய ஓர் இனம் உண்டு. 1753-இல் சுவீடன் நாட்டுத் தாவரவியல் அறிஞர் லின்னேயஸ் தம் நூலில் நெப்பந்தஸ் என்ற பெயரின் கீழ்ச் சேர்த்தது அந்த இலங்கைச் செடியைத்தான். இந்தியாவுக்கு உரியது மேகாலய மலைகளின் ஓர் இனம் மட்டுமே. தமிழ்நாட்டுக் காடுகளில் நெப்பந்தஸ் இல்லை. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் ஈரப் புல்வெளியில் பசைத் துளிகளோடு மின்னும் சின்னஞ்சிறு செடியைச் சிலர் இதுவென்று நினைத்துக்கொள்கிறார்கள். அது துரோசெரா என்ற வேறொரு பூச்சி உண்ணும் செடி.

பூச்சியை எப்படிப் பிடிக்கிறது? மூடி சட்டென்று மூடிக்கொள்ளுமா?

மூடவே மூடாது. ஒருமுறை திறந்த மூடி திறந்தபடியேதான் இருக்கும். மழை நீர் உள்ளே விழுந்து திரவம் நீர்த்துப் போகாமல் தடுக்கும் கூரை அது.

பிடிக்கிற வேலை விளிம்பில் நடக்கிறது. காலையில் செடிக்கு நீர் தெளித்த பிறகு ஒரு குடுவையின் பக்கத்தில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். எங்கள் பால்கனியில் பிள்ளையார் எறும்புகள்தான் அதிகம் வரும். விளிம்பின் உட்பக்கத்தில் தேன் சுரக்கிறது. அதைக் குடிக்க எறும்பு தலையை உள்ளே நீட்டி, பின்னங்கால்களால் விளிம்பைப் பற்றிக்கொண்டு நிற்கும். விளிம்பு முழுவதும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வரிகள் ஓடுகின்றன. ஈரம் பட்டதும் அந்த வரிகளில் நீர் மெல்லிய படலமாகப் பரவிவிடுகிறது. எறும்பின் காலுக்கும் விளிம்புக்கும் நடுவில் நீர் மட்டும்தான் மிஞ்சும். அடுத்த நொடி எறும்பைக் காணோம்.

வெயில் ஏறி விளிம்பு உலர்ந்த பிறகு அதே இடத்தில் எறும்புகள் பத்திரமாக வந்து போகின்றன. இதைப் பார்த்துச் செடி வேலை செய்யவில்லை என்று பலர் நினைக்கிறார்கள். பத்திரமாகத் திரும்பிய எறும்புதான் மற்றவற்றை அழைத்து வருகிறது. பனியோ மழையோ விழுந்து விளிம்பு நனைந்ததும் கூட்டமாக விழுகின்றன.

விழுந்தது ஏறி வர முடியாது. பல இனங்களில் குடுவையின் உட்சுவரின் மேல்பகுதியில் மெழுகுப் பொடி பூசியிருக்கும். அது உதிர்ந்து காலில் ஒட்டிக்கொள்ளும். அதற்குக் கீழே செரிமானச் சுரப்பிகள். திரவத்தில் அமிலமும் புரதத்தைச் சிதைக்கும் நொதியும் இருக்கின்றன. சில இனங்களின் திரவத்தில் விரலை நனைத்து எடுத்தால் கோந்து போல நூல் இழுக்கும்.

நாம் பூச்சி போடாவிட்டால் பட்டினி கிடந்து சாகுமா?

சாகாது. மற்ற எந்தச் செடியையும் போல இதுவும் இலையில் விழும் வெளிச்சத்தைக் கொண்டுதான் தன் உணவைத் தயாரிக்கிறது. இது பிறந்து வளர்ந்த மண்ணைப் பார்க்க வேண்டும்: வெறும் மணல், கரிச் சதுப்பு, உலோகம் மிகுந்த மலைச்சரிவு. அங்கே வேருக்கு நைட்ரஜனும் பாஸ்பரஸும் கிடைப்பதில்லை. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் பூச்சி. மாதத்துக்கு ஒரு குடுவையில் நான்கு எறும்பு விழுந்தாலே போதும். பால்கனியில் தொங்கும் செடிக்கு அவை தானாகவே வந்துவிடும்.

இறைச்சித் துண்டு, முட்டை, பால் கொடுக்கலாமா?

வேண்டாம். என் முதல் செடியை விற்றவர், வாரம் ஒருமுறை கோழிக்கறி போடச் சொன்னார். போட்டேன். மூன்றாம் நாள் குடுவை பழுப்பாகி, நாற்றமெடுத்து, அடியிலிருந்து அழுகிச் சரிந்தது. குடுவையின் சுரப்பு ஒரு கொழுத்த இறைச்சித் துண்டைச் சிதைப்பதற்குள் பாக்டீரியா அதை அழுக வைத்துவிடும். பாலும் முட்டையும் அப்படியே. அடைத்த அறைக்குள் வளர்ப்பவர்கள் மீன் தொட்டிக்கு வாங்கும் உலர்ந்த புழுவில் ஒரு சிட்டிகையை மாதம் ஒருமுறை ஒன்றிரண்டு குடுவைகளில் போடலாம்.

முதன்முதலாக எந்த வகையை வாங்குவது?

நாற்றுப்பண்ணைகளில் மிகுதியாகக் கிடைக்கும் வென்ட்ராட்டா என்ற கலப்பினத்தையே வாங்குங்கள். பிலிப்பைன்ஸைச் சேர்ந்த இரண்டு இனங்களைக் கலந்து உருவானது. பச்சையும் செம்மையும் கலந்த, இடை சிறுத்த குடுவைகள். தவறுகளை மன்னிக்கிற செடி.

இரண்டாவது செடி வாங்கும்போது ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். நெப்பந்தஸ் இனங்களைத் தாழ்நிலத்தவை, மலையகத்தவை என்று இரண்டாகப் பிரிப்பார்கள். ஏறக்குறைய 1000 மீட்டர் உயரம் எல்லைக்கோடு. தாழ்நில இனங்களுக்கு இரவிலும் வெப்பம் 20 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்கக் கூடாது. மலையக இனங்களுக்கு இரவு 10 முதல் 15 பாகை வரை குளிர வேண்டும். பகல் எவ்வளவு இதமாக இருந்தாலும் இரவுக் குளிர் இல்லாவிட்டால் அவை மெல்ல மெல்ல இளைத்துப் போகும். ஐரோப்பியர்கள் 19-ஆம் நூற்றாண்டில் போர்னியோவின் கினபாலு மலை இனங்களைக் கொண்டுபோய் வெப்பம் ஏற்றிய கண்ணாடிக் கூடங்களில் வைத்து இதே காரணத்தால் இழந்தார்கள். வெப்பமண்டலச் செடிக்கு வெப்பம்தான் வேண்டும் என்று நினைத்துவிட்டார்கள்.

ஆகவே சென்னை, கடலூர், தூத்துக்குடி, யாழ்ப்பாணம் போன்ற கரையோர ஊர்களில் இருப்பவர்களுக்குத் தாழ்நில இனங்களே சரி. ராஃப்லெசியானா, ஆம்புல்லாரியா, மிராபிலிஸ், கிராசிலிஸ் ஆகியவை அந்த வகை. ஆம்புல்லாரியா எனக்கு மிகவும் பிடித்தது. குண்டான, முட்டை வடிவக் குடுவைகள் தரையில் கொத்துக் கொத்தாக வரும். காட்டில் அது பூச்சியை மட்டும் நம்பி இருப்பதில்லை. மேலிருந்து உதிரும் சருகும் அதன் குடுவைகளில் விழுந்து மட்கி உணவாகிறது. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் இருப்பவர்கள்தான் மலையக இனங்களை வளர்க்கக் கொடுத்து வைத்தவர்கள். மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழும் இரவுகளில் மட்டும் செடியை வீட்டுக்குள் எடுத்து வைக்க வேண்டும்.

வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

குடுவைகளின் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். அவை பண்ணையின் ஈரக் கூடத்தில் வந்தவை. நடுக் குருத்தைப் பாருங்கள். புதிய இலை பளபளப்பாகவும், அதன் பற்றுக்கம்பியின் முனை கருகாமலும் இருந்தால் நல்ல செடி. இலைக் கக்கங்களில் வெள்ளைப் பஞ்சு போல ஏதும் ஒட்டியிருந்தால் அந்தத் தொட்டியை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

எந்தத் தண்ணீரை ஊற்றுவது?

செடி பிழைப்பதும் சாவதும் பெரும்பாலும் இதில்தான் தீர்மானமாகிறது. உப்பில்லாத தண்ணீர் வேண்டும். கரைந்த உப்பின் அளவை டிடிஎஸ் என்று சொல்வோம். நெப்பந்தஸுக்கு அது 50 பிபிஎம்முக்குள், அதாவது பத்து லட்சத்தில் 50 பங்குக்குள், இருப்பது நல்லது. 100 வரை பொறுத்துக்கொள்ளும்.

என் முதல் செடிக்கு ஐந்து மாதம் போர்வெல் தண்ணீரை ஊற்றினேன். மூன்றாம் மாதம் தொட்டியின் விளிம்பிலும் செடி நட்டிருந்த பாசியின் மேலும் வெள்ளையாக உப்புப் பூத்தது. இலை ஓரங்கள் தீய்ந்தன. புதிய இலைகள் ஒன்றைவிட ஒன்று சிறியதாக வந்தன. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் அதிகமாக ஊற்றினேன். செடி போன பிறகுதான் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கித் தண்ணீரில் வைத்துப் பார்த்தேன். எண் ஆயிரத்தைத் தாண்டி நின்றது. பேனா அளவேயான அந்தக் கருவி சில நூறு ரூபாய்தான். செடிக்கு முன்பே அதை வாங்கியிருக்க வேண்டும் என்று இன்றும் வருந்துகிறேன்.

மழை நீர் எல்லாவற்றிலும் சிறந்தது. ஐப்பசி, கார்த்திகையில் மொட்டை மாடியில் அண்டாவையும் வாளிகளையும் வைத்துப் பிடித்துவிடுவேன். முதல் மழையில் தூசியும் புகைக்கரியும் இருக்கும், அதை விட்டுவிட வேண்டும். பிடித்த நீரை மூடியுள்ள பீப்பாயில், வாயைத் துணியால் கட்டி வைத்தால் கொசு முட்டையிடாது. மூன்று செடிக்கு ஐம்பது லிட்டர் பல வாரங்கள் வரும்.

அடுத்தது ஆர்ஓ தண்ணீர். இதில் ஒரு எச்சரிக்கை. வீட்டுச் சுத்திகரிப்பான்கள் பலவற்றில் சுவைக்காகக் கனிமத்தைத் திரும்பச் சேர்க்கும் பகுதி ஒன்று இருக்கிறது. அதனால் ஆர்ஓ என்று நம்பி ஊற்றும் தண்ணீரிலும் 100, 150 என்று காட்டக்கூடும். மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே ஊற்றுங்கள். கடையில் விற்கும் மினரல் வாட்டருக்கும் இதுவே பொருந்தும்.

கோடையில் எனக்குக் கை கொடுப்பது ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர். காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்து திரண்ட நீர் அது, உப்பு மிகக் குறைவு. எங்கள் வீட்டில் அளந்தபோது 20-க்குக் கீழே இருந்தது. ஏசியைச் சுத்தம் செய்ய மருந்து தெளித்திருந்தால் மட்டும் ஒரு வாரத்துத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

எவ்வளவு அடிக்கடி? அடியில் தட்டு வைத்து நீர் தேக்கலாமா?

மேல் பாசியைத் தொட்டால் பிழிந்த துணி போல ஈரமாக இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் தினமும், மழைக்காலத்தில் வாரம் இருமுறை. மேலிருந்து ஊற்றி அடித்துளை வழியாக நீர் ஓட விடுங்கள், தங்கிய உப்பும் சேர்ந்து வெளியேறும். தட்டில் தேக்க வேண்டாம். வீனஸ் பூச்சிப்பொறி என்ற இன்னொரு பூச்சி உண்ணும் செடிக்குச் சொல்லும் முறை அது. நெப்பந்தஸ் வேருக்குக் காற்று வேண்டும்.

மண் கலவை என்ன?

மண்ணே கூடாது. செம்மண், மண்புழு உரம், தொழுவுரம், வேப்பம் பிண்ணாக்கு என்று வீட்டுத் தோட்டக்காரர்கள் கைப்பழக்கமாகக் கலப்பது எதுவுமே கூடாது. உரம் கலந்தவுடன் செடி சில வாரம் செழிப்பாகத் தோன்றும். பிறகு வேர் கருகும்.

நான் கலப்பது: நீளமான ஸ்பாக்னம் பாசி இரண்டு பங்கு, பெர்லைட் என்ற வெள்ளை நிற எரிமலைக் கல் துகள் ஒரு பங்கு, தேங்காய் மட்டைத் துண்டு ஒரு பங்கு. பாசி விலை அதிகம் என்றால் தென்னை நார்க்கழிவைக் கொஞ்சம் சேர்க்கலாம். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து அது கட்டி கட்டியாக மலிவாக வருகிறது. ஆனால் நாரில் இயல்பாகவே உப்பு இருக்கிறது. இரவெல்லாம் ஊற வைத்துப் பிழிந்து, மறுபடி ஊற வைத்துப் பிழிந்து, வடியும் நீரில் மீட்டர் வைத்து எண் இறங்கும்வரை அலச வேண்டும். நான் ஐந்தாறு முறை அலசுவேன். கடைசி அலசலை நல்ல தண்ணீரில் செய்யுங்கள்.

இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கலவையை மாற்றலாம். அப்போது வேரைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். நெப்பந்தஸின் வேர் இயல்பிலேயே கருப்பு. மயிர் போல மெல்லியது, எளிதில் முறியும். அழுகிவிட்டது என்று நினைத்து நல்ல வேரை வெட்டி எறிந்தவர்களை எனக்குத் தெரியும். அழுகிய வேரைத் தொட்டால் கூழாகும். நல்ல வேர் இழுத்தால் விறைப்பாக இருக்கும்.

வெளிச்சம் எவ்வளவு வேண்டும்?

கிழக்கு ஜன்னலில் மூன்று மணி நேரக் காலை வெயில், பிறகு நாள் முழுவதும் நல்ல வெளிச்சம். மேற்கு பால்கனி என்றால் பச்சை நிழல்வலை ஒன்றைக் கட்டுங்கள். அக்னி நட்சத்திர நாட்களின் உச்சி வெயிலில் ஒரே மதியத்தில் இலை வெந்து வெளுத்துவிடும். இலை சற்று வெளிர் பச்சையாகவும் ஓரத்தில் லேசாகச் சிவந்தும் இருந்தால் வெளிச்சம் சரி. கரும்பச்சையாக நீண்டு தொங்கினால் போதவில்லை. வீட்டின் நடுக்கூடத்தில், தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் அழகுக்காக வைத்தால் வளராது. ஜன்னல் இல்லாத அறையில் வளர்க்க விரும்புகிறவர்கள் வெள்ளை எல்இடி விளக்கைச் செடிக்கு ஓரடி மேலே தொங்கவிட்டுத் தினமும் 12 மணி நேரம் எரிய விடலாம்.

இலை வருகிறது, ஆனால் குடுவையே வரவில்லை. ஏன்?

எனக்கு வரும் அழைப்புகளில் பாதி இந்தக் கேள்விதான். முதலில் பழைய இலைகளை மறந்துவிடுங்கள். பற்றுக்கம்பியின் முனை ஒருமுறை காய்ந்துபோன இலை இனி ஒருநாளும் குடுவை தராது. நீங்கள் செய்யும் மாற்றத்தின் பலன் இனிமேல் விரியும் இலைகளில்தான் தெரியும். இலை விரிந்து குடுவை திறக்க ஒன்றரை, இரண்டு மாதம் ஆகும்.

காரணங்களில் முதலாவது வெளிச்சக் குறைவு. பத்துச் செடிகளில் ஏழெட்டுக்கு இதுதான் என்பது என் அனுபவம். இடத்தை மாற்றியதும் சரியாகிவிடும். இரண்டாவது காற்றில் ஈரம் இல்லாமை. கரையோர ஊர்களில் இயற்கையாகவே ஈரம் இருக்கிறது. மதுரை, திருச்சி, வேலூர் போன்ற ஊர்களின் கோடையில் அது போதாமல், பட்டாணி அளவு வந்த குடுவை அப்படியே காய்ந்துவிடும். மூன்றாவது, தொட்டியில் உரம் போட்டது. வேரிலேயே சத்துக் கிடைக்கும்போது குடுவை செய்யும் சிரமத்தைச் செடி எடுத்துக்கொள்வதில்லை. நான்காவது, இட மாற்றம். பண்ணையிலிருந்து வந்த செடி இரண்டு மாதம் சும்மாதான் இருக்கும். அதைத் தினமும் ஒரு மூலைக்குத் தூக்கிக்கொண்டு அலையாமல் ஓரிடத்தில் விட்டுவிடுங்கள்.

இருக்கிற குடுவைகள் மேலிருந்து காய்கின்றன. நோயா?

ஒவ்வொரு குடுவைக்கும் ஆயுள் உண்டு, சில மாதங்கள். மூடியில் தொடங்கிக் கீழ்நோக்கிக் காய்வது முதுமை. மேல்பாதி காய்ந்தாலும் அடிப்பாதி பச்சையாக இருக்கும்வரை அது செரித்துக்கொண்டுதான் இருக்கிறது, முழுவதும் பழுத்த பிறகு வெட்டுங்கள். வெட்டியதை ஒருமுறை கத்தரியால் நீளவாக்கில் பிளந்து பாருங்கள். அடியில் ஒரு விரற்கடை உயரத்துக்குக் கருப்புப் படிவம் இருக்கும். விரலால் அகற்றினால் எறும்புகளின் தலையும், ஈயின் சிறகும், ஒரு சிறு வண்டின் முதுகு ஓடும் முழுசாக வரும். புற ஓடுகளை மட்டும் விட்டுவிட்டு உள்ளே இருந்ததை எல்லாம் செடி எடுத்துக்கொண்டிருக்கும்.

எல்லாக் குடுவைகளும் ஒரே வாரத்தில் காய்ந்தால் அது முதுமை இல்லை. வறண்ட காற்று, அல்லது உப்பு.

குடுவைக்குள் நாம் தண்ணீர் நிரப்ப வேண்டுமா?

தேவையில்லை. கொண்டுவரும் வழியில் சாய்ந்து திரவம் கொட்டிவிட்டால் மட்டும், அடியில் கொஞ்சம் நிற்கும் அளவுக்கு நல்ல தண்ணீரை விடுங்கள். வாய் வரை ஊற்றிவிட்டால் சுரப்பு நீர்த்துப்போகும். குழந்தைகள் குடுவையைக் கவிழ்த்துப் பார்க்க ஆசைப்படுவார்கள். ஒன்றை அவர்களுக்கென்று ஒதுக்கிக் கொடுத்துவிட்டு மற்றவற்றைக் காப்பாற்றுங்கள்.

ஏசி அறையில் வைக்கலாமா?

வைக்கலாம், காற்று நேரே அடிக்காத இடத்தில். ஈரம் 50 சதவீதத்துக்குக் கீழே போனால் குடுவை எளிதில் வராது. தெளிப்பானால் நாலு முறை நீர் தெளிப்பது கால் மணி நேரத்துக்குத்தான் பயன்படும். பல செடிகளை நெருக்கி வைப்பது அதைவிட மேல். எங்கள் வீட்டில் பெரணிகளுக்கு நடுவில் தொங்கும் செடியில்தான் குடுவைகள் பெரியதாக வருகின்றன.

உரமே வேண்டாமா?

எறும்பு வரும் பால்கனியில் வேண்டாம். உள்ளே வளர்ப்பவர்கள், மெதுவாகக் கரையும் உருண்டை உரத்தில் ஒன்றோ இரண்டோ எடுத்து ஒரு குடுவைக்குள் போடலாம். அல்லது ஆர்க்கிட் உரத்தைச் சொல்லப்பட்ட அளவில் கால் பங்காகக் கரைத்து மாதம் ஒருமுறை இலையில் தெளிக்கலாம். தொட்டியில் மட்டும் ஒருபோதும் போடாதீர்கள்.

இதை வளர்த்தால் கொசு ஒழியுமா?

ஒழியாது. அப்படிச் சொல்லி விற்பவர்களை நம்பாதீர்கள். தேனுக்கு வருவது பெரும்பாலும் எறும்பும் ஈயும். உண்மையில், தென்கிழக்காசியக் காடுகளில் நெப்பந்தஸ் குடுவைக்குள்ளேயே முட்டையிட்டு வாழும் கொசு இனங்கள் இருக்கின்றன. அந்தச் சுரப்பில் அவற்றின் புழுக்கள் செரிக்கப்படாமல் வளர்கின்றன. வீட்டில் பார்க்க வேண்டியது மழையில் நிரம்பிய கிழக் குடுவைகளை. சுரப்பு ஓய்ந்து வெறும் நீர் நிற்கும் குடுவையை வாரம் ஒருமுறை பார்த்துக் கவிழ்த்துவிடுங்கள்.

குழந்தைகளுக்கும் பூனைக்கும் ஆபத்தா?

விரலை உள்ளே விட்டால் ஒன்றும் ஆகாது, கையைக் கழுவினால் போதும். நச்சுச் செடியும் இல்லை. மலாய் மொழியில் இதன் பெயர் பெரியுக் கெரா, அதாவது குரங்கின் பானை. மலேசியாவில் ஆம்புல்லாரியாவின் குடுவைகளைக் கழுவி, பசையரிசியும் தேங்காய்ப் பாலும் நிரப்பி ஆவியில் வேகவைத்துச் சாப்பிடுகிறார்கள். பூனையால் செடிக்குத்தான் ஆபத்து. ஆடுகிற குடுவையை அது சும்மா விடாது.

மாவுப்பூச்சி வந்துவிட்டது. பூச்சியைத் தின்னும் செடிக்கே பூச்சியா?

குடுவைக்குள் விழுந்தால்தான் அது இரை. இலைக் கக்கத்தில் உட்கார்ந்து சாறு உறிஞ்சும் மாவுப்பூச்சியையும் செதில் பூச்சியையும் செடி ஒன்றும் செய்ய முடியாது. அவற்றின் இனிப்புக் கழிவுக்காக எறும்புகளே அவற்றைக் காவல் காக்கின்றன. மருந்துக்கடையில் கிடைக்கும் சர்ஜிகல் ஸ்பிரிட்டைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு ஒவ்வொன்றாகத் துடைத்து எடுங்கள். நான்கு நாளுக்கு ஒருமுறை, மூன்று வாரம் விடாமல் செய்ய வேண்டும். வேப்பெண்ணெய்க் கரைசலை நான் தெளிப்பதில்லை, எண்ணெய் குடுவைக்குள் இறங்கி மிதக்கிறது.

கொடி இரண்டடிக்கு மேல் நீண்டுவிட்டது. வெட்டலாமா?

நீள்வது இயல்பு. நீண்ட கொடியில் வரும் மேல் குடுவைகள் வேறு வடிவத்தில் இருக்கும். கீழ்க் குடுவைகள் பருத்து, முன்புறம் இரண்டு இறகு வரிகளோடு இருக்கும். மேல் குடுவைகள் மெலிந்து, அந்த இறகுகள் தேய்ந்து, பற்றுக்கம்பி எதையாவது சுற்றிப் பிடித்திருக்கும். அவற்றைப் பார்க்க ஆசை என்றால் ஒரு குச்சியை நட்டு ஏற்றிவிடுங்கள். புதராக வேண்டும் என்றால் வெட்டுங்கள், அடியிலிருந்து புதுக் குருத்து வரும்.

வெட்டிய தண்டை எறிய வேண்டாம். இரண்டு மூன்று கணு உள்ள துண்டுகளாக நறுக்கி, இலைகளைப் பாதியாகக் கத்தரித்து, ஈரப் பாசியில் செருகி, கண்ணாடிப் போத்தலாலோ பாலித்தீன் பையாலோ மூடி, நேர் வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள். ஒன்று முதல் மூன்று மாதத்தில் கணுவிலிருந்து முளை வரும். மழைக்காலத்தில் வைத்ததுதான் எனக்கு அதிகம் பிழைத்திருக்கிறது.

மேகாலயாவிலிருந்து ஒரு செடி கொண்டு வரலாமா?

தயவுசெய்து வேண்டாம். அங்கே வளரும் நெப்பந்தஸ் காசியானா 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் உள்ள தாவரம். அனுமதியின்றிக் காட்டிலிருந்து பறிப்பதும் விற்பதும் குற்றம். அரிய உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்துக்கான சைட்டீஸ் ஒப்பந்தத்திலும் அது மிகக் கடுமையான முதல் பட்டியலில் இருக்கிறது. நிலக்கரிச் சுரங்கமும் வெட்டி எரிக்கும் சாகுபடியும் செடி பறிப்போரும் சேர்ந்து அதன் இடத்தைச் சுருக்கியிருக்கிறார்கள். தெற்கு கரோ மலையில் பாக்மாராவில் அதற்கென்றே ஒரு சரணாலயம் இருக்கிறது. கரோ மக்கள் அதை மேமாங் கொக்சி, பேயின் கூடை, என்று அழைக்கிறார்கள். அங்கே போய் நின்று பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. காட்டிலிருந்து பெயர்த்த செடி வேர் முறிந்து பெரும்பாலும் செத்துவிடும். திசு வளர்ப்பில் உருவான கலப்பினங்கள் தாராளமாகக் கிடைக்கும்போது அதற்குத் தேவையும் இல்லை.

பூக்குமா? விதை கிடைக்குமா?

சில ஆண்டுகள் வளர்ந்து கொடியான பிறகு பூக்கும். உச்சியிலிருந்து நீண்ட கதிர் கிளம்பி, சின்னச் சின்னப் பூக்கள் கீழிருந்து மேலாகத் திறக்கும். இதழ் என்று சொல்ல எதுவும் இல்லை, பச்சையும் பழுப்பும் கலந்த நிறம். ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. ஆண் பூவின் நடுவில் மகரந்தம் மஞ்சள் உருண்டையாக நிற்கும். தண்டுத் துண்டிலிருந்து வந்த செடி தாய்ச்செடியின் பாலையே கொண்டிருக்கும், அதனால் ஒரே கொடியிலிருந்து எத்தனை செடி எடுத்தாலும் விதைக்குப் பயன்படாது. விதை நூலிழை போல மெல்லியது, முளைத்துக் கைப்பிடி அளவு வளரவே ஆண்டுகள் ஆகும்.

எங்கள் வென்ட்ராட்டா ஆண் செடி. போன மாசியில் பூத்தபோது மகரந்தத்தை ஒரு மடித்த காகிதத்தில் தட்டி எடுத்து, சிறு டப்பாவில் அடைத்து, தேதி எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்திருக்கிறேன். பெண் செடி பூத்திருக்கிறது என்று யாராவது சொன்னால் அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுப்பதற்காக.